கட்டைத் துவக்கு

அலோசியஸ் அண்ணைக்குக் கதைக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவருடைய மனைவி பேர்பெச்சுவா அக்கா கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லிவருவது இது. கேட்டதற்குப் பதில் சொல்வார், கேளாததற்கு வாய் திறக்கமாட்டார். அதைவிடப் பெரிய கோளாறு, கேட்க வேண்டியதையும் கேட்கமாட்டார். எனக்கு அவர்மேல் எவ்வளவு பிரியமோ அவ்வளவு எரிச்சலும் உண்டு. யேர்மனியில், வுப்பர்டால் நகரில், ஒரே கட்டடத்தில் அவர் மேல்மாடி, நான் கீழ்மாடி. அவர் இருமினால் எனக்குக் கேட்கும்.

மன்னார்க்காரர். அகதியாக வந்து, உணவகங்களில் சட்டி பானை கழுவி, பிறகு வீதி பராமரிப்புப் பகுதியில் நிரந்தர வேலை எடுத்து, செம்மஞ்சள் அங்கியோடு இன்றுவரை காலம் தள்ளுகிறார். மழைக்காலத்தில் வடிகால் துப்புரவு, பனிக்காலத்தில் உப்புக் கொட்டுதல், இடையில் கார் மோதிச் செத்துக் கிடக்கும் மான், காட்டுப்பண்டி, நரி எல்லாவற்றையும் வீதியிலிருந்து அகற்றுவது. ஆறடிக்குக் குறையாத ஆள். ஓடுவது கைப்பிடி அளவு ஒரு கார். அதற்குள் அவர் ஏறுவதைப் பார்க்கவே எனக்கு முதுகு நோகும்.

எங்கள் தமிழ்ச் சனத்துக்குள் துவக்கு வாங்கியவர் என்று எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

இந்தக் கதை பரவிய விதமே ஒரு கூத்து. ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து, மண்டபத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, யாரோ “அலோசியஸ் அண்ணை துவக்குக்கு அலுவல் பாக்கிறாராம்” என்றார்கள். பக்கத்தில் நின்ற ரவிச்சந்திரன் தமிழ்நாட்டுக்காரர், கணினிக் கம்பனியில் வேலை. அவர் முகம் மலர்ந்து, அலோசியஸ் அண்ணையின் பக்கம் திரும்பி, “என்ன சார் துவக்கப் போறீங்க? ரெஸ்டாரன்ட்டா? பார்ட்னர் வேணும்னா சொல்லுங்க” என்றார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எங்கள் பேச்சில் துவக்கு என்றால் துப்பாக்கி என்று விளக்கினேன். அவர் கோப்பிக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

போனவர் அவர் மட்டுமல்ல. அதற்கு முன் பூசைக்கு வரும் வயதானவர்கள் இரண்டு மூன்று பேர் அலோசியஸ் அண்ணையின் காரில்தான் வருவார்கள், போவார்கள். பிறகு ஒவ்வொருவராக வேறு கார் பிடித்தார்கள். ஒருவரும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. “அண்ணைக்கு ஏன் வீண் கரைச்சல்” என்றார்கள். வாங்காத துவக்குக்கே இந்தப் பாடு.

அவருக்கு ஏன் துவக்கு?

றொன்ஸ்டோர்ப் பக்கத்துக் காட்டு வீதியில், ஒரு மாரிக் காலை, கார் அடித்த மான் ஒன்று கிடந்தது. சாகவில்லை. முதுகு முறிந்திருந்தது, முன்னங்கால் இரண்டாலும் எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தது. அடித்த கார்க்காரர் பொலிசுக்குச் சொல்ல, பொலிஸ் அந்தக் காட்டுக்கு உரிமையுள்ள வேட்டைக்காரருக்குச் சொல்ல, வேட்டைக்காரர் நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டார். பொலிசார் வேறொரு விபத்துக்குப் போய்விட, மானும் அலோசியஸ் அண்ணையும்தான் மிச்சம். அவர் தன் அங்கியைக் கழற்றி மானின் கண்ணை மூடிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்தார். குளிரில் விறைத்துப்போய் வேட்டைக்காரர் வந்து சேரும்வரை இருந்தார்.

“அது கத்தினது, யூட்சன். பிள்ளையள் கத்திற மாதிரி,” என்று எனக்குச் சொன்னார். நான் கேளாமலே அவர் சொன்ன விஷயம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். “ஒருத்தர் பக்கத்திலை நிண்டும் ஒண்டும் செய்ய ஏலாமல் கிடந்தது. அந்த ஒரு வெடியை வைக்கத் தெரிஞ்ச ஆளாய் நான் இருந்திருக்கலாம்.”

பிடித்தால் விடமாட்டார். வேட்டைக்காரர் வகுப்பில் சேர்ந்தார். மரத்தின் பெயர், பறவையின் பெயர், நோயின் பெயர், சட்டம் எல்லாவற்றையும் யேர்மன் மொழியில் பாடமாக்கினார். மேல்மாடியில் இரவிரவாக முணுமுணுப்புக் கேட்கும், யாரோ செபமாலை சொல்கிறார்கள் என்று நினைத்தேன். சோதனையில் முதல்முறை கோட்டை விட்டு இரண்டாம்முறை பாஸ் பண்ணினார். பொலிஸ் அவருடைய வாழ்க்கை முழுவதையும் கிளறிப் பார்த்து ஒரேயொரு பார்க்கிங் தண்டத்தைக் கண்டுபிடித்தது. அன்றைக்கு நெரிசலில் மாட்டிய வேட்டைக்காரர் டீற்மார் என்ற கிழவர், முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர். தன் காட்டுக்கு எழுத்தில் அனுமதி கொடுத்து, “இனி அழைப்பு வந்தால் நீ போ” என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் சரி, வீட்டில் மட்டும் சரிவரவில்லை.

துவக்கு வைத்திருப்பதென்றால் வீட்டில் இரும்புப் பெட்டகம் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். பெட்டகம் வந்த அன்று நானும் ஒரு கை பிடித்துத்தான் மேலே ஏற்றினேன். பேர்பெச்சுவா அக்கா குசினி வாசலில் நின்று பார்த்தா.

“இதுக்கை துவக்கு வாற அண்டைக்கு நான் இந்த வீட்டிலை இருக்கமாட்டன்,” என்றா.

சத்தம் போடவில்லை. சொல்லிவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. ஏன் என்று அலோசியஸ் அண்ணை கேட்கவில்லை. எங்கள் சனத்தில் துவக்குக்குப் பயப்படாத பெண் யார், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கொஞ்சக் காலத்தில் கொலோனில் இருக்கும் மகள் பிறின்சிக்குக் குழந்தை பிறந்தது. அக்கா பிள்ளைப்பெறு பார்க்கப் போனா. ஒரு மாதம் என்று போனவ. பிறகு குழந்தைக்குச் சளி என்றா, பிறகு பிறின்சி வேலைக்குத் திரும்புகிறாள் என்றா. கொலோன் இங்கிருந்து ரயிலில் கூப்பிடு தூரம். நினைத்தால் பின்னேரம் வந்து இரவு திரும்பலாம். அக்கா வரவில்லை.

மேல்மாடியில் சத்தம் ஒடுங்கிவிட்டது. வேலையால் வருவார், தொலைக்காட்சியைப் போடுவார், அணைப்பார். தாளிக்கிற மணம் நின்றுபோய், தகரத்தில் அடைத்த மீனின் மணம் படியால் இறங்கி வந்தது. நான் கறி ஏதும் கொண்டுபோய்க் கொடுத்தால், மேசையில் இரண்டு கோப்பை வைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைப்பார். என் கண்ணில் படாமல்தான் செய்ய நினைப்பார், எனக்குத் தெரியாதா? பாவமாகவும் இருக்கும், பிடித்து உலுப்பலாம் போலவும் இருக்கும்.

இந்த நிலையில்தான் துவக்குத் தெரிவு தொடங்கியது. அவர் மனதில் ஒரே ஒரு கணக்கு. அக்காவுக்குத் துவக்குப் பயம், ஆகவே ஆகச் சின்னத் துவக்காக எடுத்தால் ஆகக் குறைந்த பயம். பெட்டகத்துக்குள் ஒரு மூலையில் கிடக்கும், காரில் ஏற்றினால் கண்ணில் படாது, அக்கா அதைக் காண வேண்டிய தேவையே வராது. தினமும் தொலைபேசியில் இதைத்தான் சொல்வார்.

“சின்னன் ஒண்டுதான் பாக்கிறன், பேர்பெச்சுவா. நல்ல கட்டை. ஆருக்கும் தெரியாது.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிடும். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மனுசனுக்கு மௌனம் ஒன்றுதானே நன்றாகத் தெரியும்.

கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரி நரைத்த தலைமுடியைப் பின்னி முன்னால் விட்ட பெண். நான் மன்னார் அலோசியஸையும் யாழ்ப்பாண யூட்சனான என்னையும் ஒரு யேர்மன் துவக்குக் கடையில் கற்பனை செய்துபார்த்ததில்லை. அவவும் செய்திருக்கமாட்டா. ஆனால் அவருடைய வேட்டைக்காரர் அட்டையைப் பார்த்ததும் கேட்ட கேள்வி ஒன்றுதான், எதற்கு?

“காருக்கு,” என்றார் அலோசியஸ் அண்ணை. “சின்னக் கார்.”

அவ நிதானமாக விளங்கப்படுத்தினா. காரிலேயே துவக்கை விட்டுவைக்க முடியாது, வேலை முடிந்தால் பெட்டகத்துக்குத் திரும்ப வேண்டும். வீதியால் போகும்போது குண்டு ஏற்றியிருக்கக்கூடாது. பூட்டிய பையில் இருந்தால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். நீளம் அறுபது சென்ரிமீற்றரைத் தாண்டாவிட்டால் அது நீளத் துவக்கு என்ற கணக்கிலேயே வராது. வேட்டைக்கு வழமையான அளவை மிஞ்சி மடிக்கவோ சுருக்கவோ கூடியது தடைசெய்யப்பட்டது. குழல் கட்டையானால் சத்தம் கூடும். இவ்வளவும் சொல்லி மூன்றை எடுத்து வைத்தா.

முதலாவது வாதுமை மரப்பிடி போட்ட நீளமான பழைய பாணித் துவக்கு. தேன் நிற மரம், பார்க்க வடிவு. இரண்டாவது நடுவில் முறித்துக் குண்டு போடும் ஒற்றைக் குழல். மூன்றாவது கட்டை. மரம் என்று ஒன்றுமில்லை, முழுக்க மங்கிய கறுப்பு.

அலோசியஸ் அண்ணை பொக்கற்றிலிருந்து அளவுநாடாவை எடுத்தார். வெளியே போய்க் காரைத் திறந்தார். பின்சீற்றை மடித்து அதில் செத்த மானை வைக்கும் பெரிய பிளாஸ்ரிக் தட்டம் ஒன்று நிரந்தரமாகக் கிடந்தது. தட்டத்துக்கும் கதவுக்கும் இடையிலுள்ள இடத்தை அளந்தார். திரும்ப வந்து துவக்குகளை அளந்தார். பிறகு கடைக்காரியிடம், “இதிலும் சின்னது இருக்கோ?” என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அண்ணை, பொக்கற்றுக்கை வைக்கப் போறியளோ? அந்த மரப்பிடி போட்டதை எடுங்கோவன், வடிவாய்க் கிடக்கு.”

“அது நீளம்,” என்றார். “அவ பயப்பிடுவா.”

கறுப்பை எடுத்தார். பை தட்டத்துக்குப் பக்கத்தில் அளவெடுத்ததுபோல் இருந்தது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. வழியில் கபாப் வாங்கித் தந்தார்.

வந்து பார்க்கிறேன் என்று அக்கா சொன்னது அதற்குப் பிறகுதான். ஒரு சனிக்கிழமை. ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். அக்கா பெரிய சூட்கேசோடு இறங்கினா. அந்தச் சூட்கேசைக் கண்டதும் அலோசியஸ் அண்ணை ஓடிப்போய் அதைக் கையில் வாங்கினார். ஒரு நாளுக்கு வருபவர்கள் பெரிய சூட்கேஸ் கொண்டுவரமாட்டார்கள்.

அவர் வீட்டைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். அக்கா குசினியைச் சுற்றிப் பார்த்து, பருப்புப் போத்தல் காலியாகக் கிடப்பதைக் கண்டு ஏசினா. ஏச்சைக் கேட்டு மனுசன் சிரித்துக்கொண்டு நின்றார். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நான் நினைத்தேன். அதோடு விட்டிருக்கலாம்.

“இஞ்சரும், ஒருக்கால் பாரும். பாத்தால் பயம் போயிடும்,” என்று பெட்டகத்தைத் திறந்து பையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துத் திறந்தார். “சின்னன்தானே?”

அக்கா பார்த்தா. கதிரையை இழுத்து இருந்தா. கை சீலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தது.

“ஊரிலை எங்கடை சின்னண்ணையைக் கொண்டுபோக வந்தவங்கள் இதைத்தான் கொண்டுவந்தவங்கள்,” என்றா. “நான் கட்டிலுக்குக் கீழை கிடந்தனான். முகம் ஒண்டும் காணேல்லை. ஆர் எண்டு இண்டைக்கும் தெரியாது. கால்களைக் கண்டனான். கால்களுக்குப் பக்கத்திலை இது தொங்கிக்கொண்டு நிண்டது. இவ்வளவு கட்டை. இதே கறுப்பு.”

அலோசியஸ் அண்ணை பையை இழுத்துத் துவக்கை மூடினார்.

“அண்ணையைப் பிடிச்சவங்கள் எண்டு சொன்னனீர். இது...” என்றார்.

“நீங்கள் எப்ப கேட்டனீங்கள்?” என்றா அக்கா. “எங்கடை அப்பு துவக்கு வைச்சிருந்தவர். நீளத் துவக்கு. அடுப்படிச் சுவரிலை கொழுவியிருக்கும், நான் அதுக்குக் கீழை இருந்துதான் சோறு தின்னுறனான். ஒரு நாள் பயப்பிடேல்லை. நீளத் துவக்கு பண்டிக்கு. கட்டைத் துவக்கு மனுசருக்கு. சின்னன், சின்னன் எண்டு ஒவ்வொரு நாளும் ரெலிபோனிலை சொல்லுறியள். நான் அங்கை பிள்ளையைக் கையிலை வைச்சுக்கொண்டு நடுங்கிறன்.”

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அக்கா அழவில்லை. எழும்பிக் கழுவிக் கிடந்த கோப்பைகளைத் திரும்பக் கழுவினா. பிறகு சூட்கேசைத் திறக்காமலே இழுத்துக்கொண்டு வந்து, என்னிடம், “தம்பி, என்னை ரயிலிலை ஏத்திவிடும்” என்றா. அலோசியஸ் அண்ணை கார்த் திறப்பை எடுத்தார். அக்கா தலையாட்டினா, வேண்டாம் என்று. நாங்கள் பஸ்ஸில் போனோம்.

அதற்குப் பிறகு மேல்மாடியில் தொலைக்காட்சிச் சத்தமும் இல்லை. மனுசனுக்குத் தனிமை இப்போதுதான் முழுதாக விளங்கியிருக்க வேண்டும். முன்பு அக்கா பயத்தால் போனா என்று இருந்தார். இவ்வளவு காலமும் பக்கத்தில் படுத்த பெண்ணைத் தான் ஒருநாளும் கேட்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. எனக்கு அவரைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

நவம்பரில் வேட்டைக்காரரின் பாதுகாவலரான புனிதருக்கு யேர்மன் கோவிலில் பூசை வைத்தார்கள். பச்சை உடுப்புக்காரர் நிரம்பியிருக்க, கொம்பு வாத்தியம் முழங்க, கடைசி வாங்குப் பலகையில் இவர் தனியே முழங்காலில் நின்றாராம். டீற்மார் பிறகு என்னிடம் சொன்னார், பூசை முடிந்தும் எழும்பவில்லை என்று.

அடுத்த நாளே கறுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, பொலிசில் துவக்குப் பதிவையும் மாற்றி, அந்த மரப்பிடி போட்ட நீளத் துவக்கைக் கொண்டுவந்தார். வந்த இடத்தில் அடுத்த சிக்கல். பின்னால் தட்டம் கிடக்கிறது, பை கொள்ளவில்லை. கடைசியில் தனக்குப் பக்கத்து முன்சீற்றின் முதுகைச் சாய்த்து, பையைப் பின்னாலிருந்து அந்தச் சீற்றின்மேல் நீட்டி வைத்தார். கார், யாரோ அதில் இருப்பதாக நினைத்து, பெல்ற் போடச் சொல்லி ஓயாமல் மணி அடித்தது. ஆகவே பையைச் சுற்றிப் பெல்ற்றைப் போட்டார். மணி நின்றது.

அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். “நீளம்” என்று ஒரேயொரு சொல்லும் எழுதினார். எழுத அவருக்கு அதற்குமேல் வராது.

பின்னேரம் தொலைபேசிக்கு அக்காவின் குரல்பதிவு ஒன்று வந்தது. அவர் படியால் இறங்கி ஓடிவந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டு பேரும் நின்றபடியே கேட்டோம்.

“ஓம். இது பண்டிக்குத்தான்,” என்றது குரல். பின்னால் குழந்தை சிணுங்கியது. “அப்ப நான் எங்கை இருக்கிறது?”

அவ்வளவுதான். அவர் திரும்பத் திரும்பப் போட்டார்.

“கோவமோ?” என்று என்னைக் கேட்டார். “இல்லாட்டி, வாறாவோ?”

எனக்கும் தெரியவில்லை. எங்கள் பேச்சில் “இருக்கிறது” என்றால் சீற்றில் குந்துவதும் அதுதான், வீட்டில் வாழ்வதும் அதுதான். காரைக் கேட்கிறாவா, வீட்டைக் கேட்கிறாவா? “அண்ணை, எடுத்துக் கேளுங்கோவன், வாறீரோ எண்டு. ஒரு சொல்லுத்தானே?” என்றேன். தொலைபேசியை எடுத்தார். பெயரை அழுத்தினார். மணி போகமுதல் நிறுத்திவிட்டார்.

“கேட்டு, இல்லை எண்டு சொன்னால்?” என்றார்.

வாயில் வந்த ஏச்சை விழுங்கிக்கொண்டேன்.

போன கிழமை, ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து விடிய வந்து இறங்கினேன். பனி தூறிக்கொண்டிருந்தது. அலோசியஸ் அண்ணைக்கு அழைப்பு வந்திருந்தது, காட்டு வீதியில் பண்டி ஒன்று அடிபட்டுக் கிடக்கிறதாம். அவர் காருக்குள் இருந்தார். முதலில் எனக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஓட்டுநர் சீற்றை இழுக்கக்கூடிய மட்டும் முன்னால் இழுத்திருந்தார். துவக்குப் பை அவருடைய சீற்றுக்குப் பின்னால் சரிவாகக் கிடந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டியறிங்கின் இரண்டு பக்கமும் எழும்பி நிற்க, தலை கூரையில் முட்ட, அந்த ஆறடி ஆள் கூனிக் குறுகி இருந்தார்.

பக்கத்துச் சீற் நேராக நிமிர்ந்து நின்றது. துடைத்திருந்தார். அதில் ஒன்றுமில்லை. அந்த வெறுஞ்சீற்றைப் படம் எடுத்து, சொல் ஒன்றும் இல்லாமல், கொலோனுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். அக்கா பார்த்துவிட்டா. மறுமொழி வரவில்லை.

“அண்ணை, அந்தச் சீற்றைச் சாய்ச்சுப் பையை வைச்சால் நீங்கள் வடிவாய் நீட்டி இருந்து ஓடலாமே?” என்றேன்.

“அது பேர்பெச்சுவா இருக்கிற இடம்,” என்றார்.

கூனியபடியே காரை எடுத்துக்கொண்டு போனார்.